தலையை ஒடித்தால் கண் விழிக்கும்

கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளிக் காட்டுக்குள் காலையில் ஒரு சுற்று வந்தால் கை கறுத்துப்போகும். குச்சி நட்டுக் கொடியை ஏற்றிக் கட்டும்போது, இலைக் கக்கத்தில் முளைத்திருக்கும் பக்கச் சிம்புகளைக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பச்சைக் கறை விரலில் ஒட்டி, கொஞ்ச நேரத்தில் கறுப்பாக மாறும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் மூலனூரில் இருந்த என் அப்புச்சியின் கை எனக்கு ஞாபகம் வரும். அவர் கையில் இருந்தது இதைவிடக் கெட்டியான கறை, புகையிலைக் கறை. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் சோறே கசக்கும் என்று மார்கழி, தை மாதங்களில் அம்மாயி கரண்டியில்தான் அவருக்குப் போடுவார்.

பள்ளிக்கூட லீவில் அவரோடு காட்டுக்குப் போனபோது ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. ஒரு பக்கம் செடிமுருங்கை. மறு பக்கம் புகையிலை. இரண்டிலும் அப்புச்சி செய்தது ஒரே வேலைதான்: செடியின் தலையைக் கிள்ளினார். முருங்கை முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் கிளை வெடிக்கக் காத்திருந்தார். புகையிலையில் பூங்கொத்து தலைகாட்டியதும் நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு பக்கத்தில் வெடித்த ஒவ்வொரு கிளையையும் தேடித் தேடி ஒடித்தார்.

“ஏனுங்க அப்புச்சி, முருங்கையில வர்ற கெளைய உட்டுட்டு இதுல மட்டும் ஒடிக்கறீங்க?”

“முருங்கையில நமக்குக் காய் வேணும் சாமி. இதுல எலை வேணும். செடிக்கு ரெண்டுலயுமே வெதைதான் வேணும். அதுக்கும் நமக்கும் அங்கதான் சண்டை.”

அறிவியல் படித்த பிறகு இந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு செடி எத்தனை கிளை விட வேண்டும், எந்தக் கண் விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாகத் தாவரவியலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடிய பாதையில் புகையிலைச் செடி மறுபடி மறுபடி வந்து நிற்கிறது. மனிதனுக்கு இவ்வளவு கெடுதல் செய்த ஒரு செடி, தாவரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போன பருவத்தில் வீட்டு மொட்டை மாடியில் நான்கு தொட்டிகளில் புகையிலை வைத்தேன். வெர்ஜீனியா வகையைப் பயிரிடுவதென்றால் புகையிலை வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம் ஊரில் இருப்பது மெல்லும் புகையிலை. அதற்கு அந்தப் பதிவு கிடையாது. உறவினர் ஒருவர் ஒரு சிட்டிகை விதை கொடுத்தார். சிட்டிகை என்றால் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதை இருக்கும். பழுப்புத் தூள் போல இருக்கும். மூச்சு பட்டால் பறந்துவிடும். அதனால்தான் நாற்றங்காலில் மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். மண்ணைப் போட்டு மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் விதைக்கு முளைக்கத் துணிவு வரும். கையில் இருக்கும் சத்து அவ்வளவு குறைவு. ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும்.

ஐப்பசியில் நட்ட நாற்று மார்கழியில் இடுப்பு உயரம். இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். இலை முழுக்க நுண்ணிய ரோமம், ஒவ்வொரு ரோமத்தின் தலையிலும் பிசின் துளி. சின்னப் பூச்சி உட்கார்ந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தக்காளித் தண்டைத் தடவினால் கையில் வரும் கறையும் இதே மாதிரி ரோமத்திலிருந்து வருவதுதான். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, ஊமத்தை, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம்.

தலைப் பூ வெளியே வந்த அன்று காலையில் மூன்று செடிகளை ஒடித்தேன். ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டேன். மெல்லும் புகையிலையில் ஒரு செடிக்குப் பத்துப் பன்னிரண்டு இலை நிற்கும்படி விட்டு மேலே இருப்பதை நீக்குவது வழக்கம். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து நின்ற இலைகளுக்குப் போய், இலை அகன்று தடிக்கும், காரமும் ஏறும்.

ஒடித்த மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து முதல் இரண்டு இலைக் கக்கங்களில், அதுவரை ஊசிமுனை அளவுக்கு இருந்த கண் உளுந்து அளவுக்கு உப்பியிருந்தது. கீழ்க் கணுக்களில் எந்த அசைவும் இல்லை. ஒரு வாரத்தில் மேல் சிம்புகள் விரல் நீளம். அவற்றை அடியோடு பக்கவாட்டில் வளைத்து ஒடித்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொன்று. ஒரு இலைக் கக்கத்தில் ஒரே ஒரு கண் இருப்பதில்லை. முதல் கண்ணுக்கு அடியில் இரண்டாவது, அதற்கும் அடியில் மூன்றாவது என்று செடி மாற்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஒடித்துவிட்டோம் என்று நாம் வீட்டுக்கு வரும்போது அடுத்த கண் வேலையைத் தொடங்கிவிடுகிறது. புகையிலைக்காரர்கள் பத்து நாளுக்கு ஒரு தடவை எல்லாச் செடியையும் சுற்றி வருவது இதனால்தான். தலையை ஒடிக்காமல் விட்ட நான்காவது செடியிலோ, அத்தனை நாளும் ஒரு கண்கூட அசையவில்லை.

அப்படியானால் தலை இருக்கும்வரை பக்கக் கண்களைத் தூங்க வைத்தது எது?

கென்னத் திமனும் ஃபோக் ஸ்கூக்கும் 1933-இல் மொச்சை இனச் செடியின் நுனியை வெட்டிப் பார்த்தார்கள். பக்கக் கண்கள் விழித்தன. இன்னொரு செடியின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை வைத்தார்கள். தலையில்லாத அந்தச் செடியில் கண்கள் தூங்கிக்கொண்டே இருந்தன. தலையின் வேலையை ஒரு வேதிப்பொருள் செய்துவிட்டது. நுனியில் உருவாகி, தண்டின் வழியே வேர்ப்பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும் ஆக்சின்தான் ‘நான் இருக்கிறேன்’ என்று கீழே உள்ள கண்களுக்குச் சொல்கிறது என்று ஆயிற்று. நுனி ஆதிக்கம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

விடை இதோடு முடிந்திருந்தால் பாடம் எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஆக்சின் நகரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். உயரமான செடியின் தலையை வெட்டினால், ஆக்சின் வற்றிய சேதி அடியில் உள்ள கண்ணுக்குப் போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கண்களோ அதற்கு முன்பே விழித்துவிடுகின்றன. இந்த முரண்பாட்டை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பட்டாணிச் செடியை வைத்து ஆராய்ந்தவர்கள் 2014-இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: கண் முதலில் உணர்வது ஆக்சின் குறைந்ததை அல்ல, சர்க்கரை வந்ததை. வளரும் நுனி இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்கத்துக் கண்களுக்குத் திரும்புகிறது. சர்க்கரை ஓடும் வேகம் மணிக்கு ஒரு மீட்டருக்கும் மேல். அந்தச் சர்க்கரையில் கண் பசியாறுகிறது; எழுந்த கண்ணைத் தொடர்ந்து வளர விடுவதா என்பதை ஆக்சின் முதலிய ஹார்மோன்கள் பிறகு தீர்மானிக்கின்றன. செடிக்கு விதைதான் வேண்டும் என்று அப்புச்சி சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். தலை போனால் இருப்புச் சத்தை அடுத்த வாரிசிடம் கொடுத்து, எப்படியாவது ஒரு பூவை மேலே கொண்டுவருவதுதான் அதன் கணக்கு.

இந்தக் கதையில் வேரும் ஒரு பாத்திரம். 2008-இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு குழுக்களின் ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள், கிளை விடாதே என்று கண்ணுக்குச் சொல்லும் ஹார்மோன் என்று அவை காட்டின. வேரில் கூடுதலாக உண்டாகி மேலே ஏறிவருவது அது. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிக்குச் சொன்னால் உடனே புரியும். மானாவாரிச் சோளத்தைக் கெடுக்கும் சுடுமல்லியின் தாவரவியல் பெயர் ஸ்ட்ரைகா. அதன் விதை மண்ணில் பல வருடம் சும்மா கிடக்கும். பக்கத்தில் சோள வேர் வந்தால்தான் முளைத்து அந்த வேரில் பல்லைப் பதிக்கும். வேர் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? வேர் கசியவிடும் ஒரு பொருளின் வாசனை போதும். அந்தப் பொருளை 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்து, ஸ்ட்ரைகோல் என்று பெயர் வைத்தார்கள்.

புகையிலைக் காட்டிலும் இப்படி ஒரு திருடன் உண்டு. புகையிலைக் காளான் என்பார்கள். காளான் அல்ல, பச்சையமே இல்லாத பூச்செடி. ஓரோபாங்கி அதன் பெயர். புகையிலை வேரில் ஒட்டிக்கொண்டு, மண்ணைப் பிளந்து வெளிறிய தண்டாக எழும்பும். அதன் விதையும் இதே ஸ்ட்ரைகோலாக்டோன் வாசனைக்குத்தான் முளைக்கிறது. விதை கட்டும் முன் பிடுங்கி அப்புறப்படுத்துவது தவிர அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை.

இப்படிக் களையை அழைத்து வரும் ஒரு பொருளைச் செடி எதற்காக வேரிலிருந்து கசிய விடுகிறது? 2005-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதற்கும் விடை கண்டார்கள். மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துத் தரும் வேர் உட்பூசணத்தை அழைக்கத்தான். வேளாண்மை அலுவலகத்தில் பொட்டலமாகத் தருகிறார்களே, அதே வேம். மணிச்சத்து குறைந்த மண்ணில் செடி இந்தப் பொருளை அதிகம் சுரக்கிறது. கீழே பூசணத்தைக் கூப்பிடுகிறது, மேலே கிளைகளை அடக்குகிறது. சத்தில்லாத காலத்தில் குடும்பத்தைப் பெருக்காதே என்பது போல. அந்த அழைப்பை ஒட்டுக் கேட்டுத்தான் சுடுமல்லியும் புகையிலைக் காளானும் பிழைக்கின்றன.

தலை ஒடித்தால் காரம் ஏறும் என்றேனே, அதற்கும் வேரிடம்தான் போக வேண்டும். நிகோடின் இலையில் இருப்பதால் இலையில்தான் உண்டாகிறது என்று நினைப்போம். 1940-களில் ரே டாசன் புகையிலையையும் தக்காளியையும் ஒட்டுக் கட்டிப் பார்த்தார். ஒரே குடும்பம் என்பதால் ஒட்டு பிடித்துக்கொண்டது. புகையிலை வேர் மேல் வைத்த தக்காளியின் இலையில் நிகோடின் ஏறியிருந்தது. தக்காளி வேர் மேல் வளர்ந்த புகையிலையில் நிகோடின் ஏறவில்லை. ஆக, அது வேரில் சமைத்துத் தண்ணீரோடு மேலே அனுப்பப்படும் சரக்கு. தலையை ஒடிப்பது செடிக்கு ஒரு காயம். ஆடு கடித்தாலும் புழு தின்றாலும் மனிதன் ஒடித்தாலும் செடிக்கு வித்தியாசம் தெரியாது. காயம்பட்ட இடத்திலிருந்து ஜாஸ்மோனேட் வகை ஹார்மோன் வேருக்கு ஆபத்தைச் சொல்ல, வேர் நிகோடின் தயாரிப்பைக் கூட்டுகிறது. இந்த ஹார்மோன் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது நம் ஜாதிமல்லி. அதன் எண்ணெயிலிருந்துதான் 1962-இல் மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தார்கள். நம் தோட்டத்தில் பூ வாசம், புகையிலைக் காட்டில் அபாயச் சங்கு.

புழுவின் நரம்பில் சேதி கடத்தும் இடத்தை நிகோடின் பிடித்துக்கொள்கிறது. மனித மூளையிலும் அதே வகை இடத்தைத்தான் பிடிக்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த நஞ்சு, நமக்கு விட முடியாத பழக்கமாக ஆனது அப்படித்தான்.

பக்கச் சிம்பை அடக்கும் வழிகள் காலத்தோடு மாறின. கையால் ஒடிப்பது பழைய வழி. சின்னத் தோட்டத்துக்கு இன்றும் அதுதான் நல்ல வழி. சிம்பு ஒரு விரல்கட்டை நீளம் இருக்கும்போதே, அடியில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் சுத்தமாகக் கழன்று வரும். விட்டால் நார் ஏறி, இலையையும் சேர்த்துக் கிழிக்கும். பெரிய பண்ணைகளில் கொழுப்பு ஆல்கஹால் கரைசலைத் தலைவழியே ஊற்றுகிறார்கள். அது தண்டில் வழிந்து ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் தேங்கும். முற்றிய இலைக்கு மேல் மெழுகுத் தோல் தடித்திருப்பதால் ஒன்றும் ஆகாது. இளங்கண்ணின் மெல்லிய தோல் கரைந்து, கண் சில மணி நேரத்தில் கருகிவிடும். சாய்ந்து நிற்கும் செடியில் கரைசல் ஒரு பக்கமே வழிந்து, மறு பக்கத்துக் கண்கள் தப்பிவிடும். மூன்றாவது, மாலிக் ஹைட்ரசைடு. 1949-இல் அறிமுகமான இந்தப் பொருள் செடிக்குள் பரவி, உயிரணு பிரிவதையே நிறுத்திவிடும். வெங்காயமும் உருளையும் கிட்டங்கியில் முளைவிடாமல் இருக்கவும் பல நாடுகளில் இதைப் பயன்படுத்தினார்கள். மாடியில் நான்கு செடி வைத்தவருக்கு இவை எதுவும் தேவையில்லை.

கையால் ஒடிப்பவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாயி பனிக்காலத்தில் விடியற்காலை சிம்பு ஒடிக்கப் போய்விட்டு, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று திண்ணையில் சாய்ந்துவிடுவார். வெறும் வயிற்றில் போனதால் பித்தம் என்று எல்லோரும் முடிவு செய்து சுக்குக் காப்பி வைத்துக் கொடுப்போம். அது பித்தம் இல்லை. நிகோடின் தண்ணீரில் கரையும். பனி நனைந்த இலையைத் தொட்டால் தோல் வழியே உடம்பில் ஏறும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்கு இன்று பெயரே உண்டு. 1970-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொழிலாளர்களிடம் பார்த்து மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வாயில் ஒருநாளும் புகையிலை போடாத பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இது வரும். பழக்கமில்லாத உடம்புதான் இன்னும் சீக்கிரம் துவளும். பனி உலர்ந்த பிறகு இறங்குவது, முழுக்கைச் சட்டையும் ரப்பர் உறையும் போடுவது, நனைந்த துணியை உடனே மாற்றுவது ஆகியவற்றைத் தோட்டத்துக்காரர்கள் கூலிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் திண்ணையில் நாங்கள் சுக்குக் காப்பியோடு நின்றுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கொங்கு மண்ணுக்குப் புகையிலை புதிதல்ல. தாராபுரம், மூலனூர், பவானி, கோபி, சத்தியமங்கலம் வட்டாரங்களில் மெல்லும் புகையிலை தலைமுறைகளாக நடந்த வெள்ளாமை. உப்புத் தண்ணீர்க் கிணறுகள் இதற்கு உதவின. குளோரைடு கூடிய தண்ணீர் பாய்ந்த இலை சரியாக எரியாது; அதனால் சிகரெட்டுக்கு ஆகாது. மெல்லுவதற்கு அது குறையே இல்லை. வேறு பயிர் வராத கிணற்றுக்காரருக்கு இது கை கொடுத்தது. கோயம்புத்தூர்ச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்கு வண்டி வண்டியாகப் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி இந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு விவசாயியை நெருக்கியது. 1853-இல்தான் அந்த ஏகபோகம் நீங்கியது. பழனி முருகனை வைத்துச் சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்றே ஒரு நூல் பாடியிருக்கிறார் என்றால், இந்தச் செடி இங்கே எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்று தெரியும். அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் 1948-இலேயே இதற்கு ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

மொச்சைச் செடியில் ஆக்சினை வைத்துப் பார்த்த அதே ஸ்கூக், பின்னாளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புகையிலைத் தண்டின் நடுச்சோற்றை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். ஆக்சின் மட்டும் கொடுத்தால் உயிரணுக்கள் பெருத்தனவே தவிரப் பிரியவில்லை. தேங்காயின் தண்ணீரைச் சேர்த்தால் பிரிந்தன. பொள்ளாச்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். இளநீரில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடிப் போன தேடலில்தான் 1955-இல் கைனடின் கிடைத்தது. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வகையே அதிலிருந்து தெரியவந்தது. கண்ணைத் தூங்கவைக்கும் ஆக்சினுக்கு எதிர்ப்பக்கம் நின்று, கண்ணை எழுப்பிவிடுவது அதுதான். 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து பார்த்தார்கள். ஆக்சின் கூடினால் அந்தப் புகையிலைச் சோறு வேர் விட்டது; சைட்டோகைனின் கூடினால் குருத்து விட்டது; இரண்டும் சமமாக இருந்தால் வெறும் திசுக்கட்டியாகப் பருத்தது.

அந்த ஆய்வகத்தில் தோஷியோ முராஷிகே என்ற மாணவர், புகையிலைச் சாற்றில் புதிதாக ஏதோ ஹார்மோன் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். சாற்றை ஊற்றினால் திசு மளமளவென்று வளர்ந்தது. கடைசியில் பார்த்தால் அந்த வளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் சாற்றில் இருந்த உப்புகள்தான். குறிப்பாகத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும். அவர் ஹார்மோனைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த உப்புகளின் அளவை ஒழுங்குபடுத்தி 1962-இல் ஸ்கூக்கோடு சேர்ந்து ஒரு ஊட்டக் கலவையை வெளியிட்டார். உலகத்தில் திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் அதிகம் புழங்குவது அந்தக் கலவைதான். நம் ஊரில் நடுகிற ஜி-9 திசு வாழைக் கன்று, வயலுக்கு வருமுன் ஒரு பாட்டிலுக்குள் பக்கம் பக்கமாகக் குருத்து விட்டுப் பெருகுகிறதே, அதுவும் இந்தப் புகையிலைச் செடி சொல்லிக்கொடுத்த கணக்கில்தான். புகையிலைக்காரர் எந்தப் பக்கச் சிம்பை வேண்டாம் என்று ஒடித்தாரோ, அதே பக்கக் குருத்தைத்தான் அங்கே வேண்டும் வேண்டும் என்று வளர்க்கிறார்கள்.

என் மாடிச் செடிகளை மாசி பிறக்குமுன் வேரோடு பிடுங்கிவிட்டேன். கிணத்துக்கடவில் தக்காளிக்கு நடுவே புகையிலை வைத்திருப்பது சரியில்லை என்பதுதான் காரணம். புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும். வைரஸ் என்று ஒன்று உண்டு என்றே உலகத்துக்குத் தெரிந்தது இந்த நோயால்தான்; 1898-இல் பெய்ஜரிங்க் இதை வைத்துத்தான் அந்தக் கருத்தைச் சொன்னார். அது பரவப் பூச்சி வேண்டியதில்லை. சிம்பு கிள்ளும் கையே போதும். நோய்ச் செடியைக் கிள்ளிய விரலோடு அடுத்த செடியைத் தொட்டால், அந்த வரிசையே முடிந்தது. காய்ந்த இலையிலும் வருடக் கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் என்பதால், வெற்றிலையோடு புகையிலை போட்டுவிட்டு அதே கையால் தக்காளி கிள்ளப் போவதும் தவறு. சோப்பால் கழுவுங்கள், கொழுப்பு எடுத்த பாலில் கையை நனைத்துக்கொண்டாலும் வைரஸின் வீரியம் அடங்கும் என்பது சோதித்து அறிந்த முறை. புகையிலைக் கரைசலைப் பூச்சி மருந்தாகத் தக்காளிக்கு அடிக்கும் வழக்கமும் வேண்டாம். இயற்கையில் கிடைப்பது என்பதால் அது தீங்கில்லாதது ஆகிவிடாது. நிகோடின் சல்பேட்டை வயலில் பயன்படுத்த இந்தியாவில் தடையே இருக்கிறது.

வீட்டில் புகையிலை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மெல்லுவதற்கோ புகைப்பதற்கோ என்றால் வேண்டவே வேண்டாம். கடைச் சரக்கில் கலப்படம், வீட்டுச் சரக்கு சுத்தம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. இலையைப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரசமைன்கள் புற்றுநோயைக் கொண்டுவருபவை. அவை வீட்டில் உலர்த்திய இலையிலும் இருக்கும். வாய்ப் புற்றுநோயால் போனவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. அப்புச்சியும் கடைசிப் பத்து வருடம் காட்டில் புகையிலை வைக்கவில்லை, முருங்கை மட்டும்தான்.

கண் விழிப்பதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் புகையிலையே வேண்டியதில்லை. தொட்டியில் ஒரு துவரையோ செண்டுமல்லியோ செடிமுருங்கையோ போதும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் கிள்ளாத செடி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலையில் மேல் கணுவை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.